ஆணியும் உப்புக்காற்றும்: ஒரு பாடசாலைச் செயற்றிட்டம்

விஞ்ஞானச் செயற்றிட்டம் ஒரு கேள்வியில் தொடங்குகிறது. அதன் விடை பாடநூலில் இருக்கக் கூடாது. ஆனால் பிள்ளையின் கைக்கு எட்டும் கருவிகளால் அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அப்பச்சோடாவும் வினாகிரியும் பொங்கும் எரிமலை, ரெஜிபோம் உருண்டைகளால் ஆன சூரியக் குடும்பம் எல்லாம் பார்க்க அழகானவைதான். அவற்றில் கண்டுபிடிக்க எதுவும் இல்லை.

வெள்ளவத்தையில் கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. மரைன் டிரைவை ஒட்டிய தொடர்மாடிகளில் ஜன்னல் கம்பிகளும் பல்கனிக் கைபிடிகளும் எவ்வளவு விரைவாகத் துருப்பிடிக்கும் என்பது குடியிருப்போருக்குத் தெரியும். காலி வீதியைத் தாண்டி உள்ளே போனால் அந்த வேகம் எவ்வளவு குறைகிறது? கொட்டாஞ்சேனைப் பிள்ளை இதே கேள்வியை வேறு விதமாகக் கேட்கலாம். அங்கே பக்கத்தில் இருப்பது அலை உடையும் திறந்த கரை அல்ல. 1875இல் அடிக்கல் நாட்டப்பட்ட தென்மேற்கு அலைதாங்கிக்குள் அடங்கிய துறைமுகம். அமைதியான நீரிலிருந்தும் அதே அளவு உப்பு காற்றில் ஏறுமா?

கேள்விக்குப் பின்னாலுள்ள விஞ்ஞானம் கடினமானதல்ல. இரும்பு துருப்பிடிக்க ஒட்சிசனும் நீரும் வேண்டும். அலைகள் உடையும்போது குமிழிகள் வெடித்துத் தெறிக்கும் நுண்துளிகளைக் காற்று உள்ளே கொண்டுவருகிறது. ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைக் கடந்தால், இரும்பின்மேல் படிந்த உப்பு காற்றிலுள்ள நீராவியை உறிஞ்சிக் கரைந்து, மின்னைக் கடத்தும் மெல்லிய படலமாகிறது. துரு அங்கே விரைவாகும். எனவே கருதுகோள் இப்படி அமையலாம்: கடலிலிருந்து தூரம் கூடக்கூட, ஒரே காலத்தில் ஓர் ஆணி இழக்கும் இரும்பின் அளவு குறையும். இங்கே தூரம் சாரா மாறி. இழந்த இரும்பின் திணிவு சார்ந்த மாறி. பொய்யாகிப் போகக்கூடிய கருதுகோள்தான் நல்ல கருதுகோள்.

காலம் பார்த்துத் தொடங்குவது முக்கியம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து கொழும்பை நோக்கி வீசுவதால், வேறுபாடு அப்போதுதான் தெளிவாகத் தெரியும். ஆணிகளுக்குக் குறைந்தது ஆறு வாரமாவது கொடுக்க வேண்டும். கண்காட்சிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது விழித்துக்கொள்ளும் வீடுகளுக்கு எரிமலைதான் மிஞ்சும்.

நாகம் பூசாத சாதாரண இரும்பாணிகள் ஹாட்வெயார் கடையில் கிடைக்கும். எல்லாம் ஒரே பெட்டியிலிருந்து வரவேண்டும். சாண்ட் பேப்பரால் தேய்த்து, எண்ணெய்ப்பசை போகச் சவர்க்காரத்தால் கழுவி, துடைத்து உலர்த்திய பின் பாடசாலை ஆய்வுகூடத்தின் இலத்திரனியல் தராசில் நிறுக்க வேண்டும். ஓர் ஆணியின் மாற்றம் மிகச் சிறியது என்பதால் பத்துப் பத்தாக நிறுப்பது நல்லது. ஒன்றையொன்று தொடாதபடி நைலோன் நூலில் கட்டி, மழைநீர் உப்பைக் கழுவிவிடாத இடத்தில் தொங்கவிடலாம். ஒவ்வோர் இடத்திலும் மூன்று தொகுதிகள் வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால், தற்செயலான வேறுபாட்டை உண்மையென்று நம்பிவிட நேரும். இன்னொரு தொகுதி சிலிக்கா ஜெல்லுடன் இறுக மூடிய போத்தலில் இருக்கட்டும்.

முடிவில் ஒரு பொறி காத்திருக்கிறது. துருப்பிடித்த ஆணி ஒட்சிசனையும் நீரையும் சேர்த்துக்கொள்வதால் எடை கூடும். ஆனால் படிந்த உப்பும் எடையைக் கூட்டும். உதிர்ந்த துரு குறைக்கும். ஆகவே அந்த எடையை நம்ப முடியாது. அரிப்பை ஆராயும் பொறியியலாளர்கள் துருவை நீக்கிவிட்டு, இழந்த உலோகத்தையே அளக்கிறார்கள். பிள்ளையும் ஆணிகளை ஓர் இரவு வினாகிரியில் ஊறவைத்து, பழைய பற்தூரிகையால் தேய்த்து, உலர்த்தி நிறுக்கலாம். வினாகிரி நல்ல இரும்பையும் சிறிது அரிக்கும். மூடிய போத்தலில் இருந்த ஆணிகளையும் அதே நேரம் ஊறவைத்து, அவை இழந்த அளவை மற்றவற்றிலிருந்து கழிக்க வேண்டும். இந்தக் கழித்தலுக்குக் காரணம் சொல்லத் தெரிந்த பிள்ளை நடுவர்முன் தடுமாறாது.

எல்லா அளவீடுகளும் திகதியுடன், பேனாவால், ஒரே குறிப்புப் புத்தகத்தில் எழுதப்பட வேண்டும். எதிர்பார்ப்புக்கு மாறான எண்ணையும் அழிக்கக் கூடாது. பெற்றோர் ஆணி வாங்கித் தரலாம், பல்கனிக்குத் துணைக்கு வரலாம்; பிரிஸ்டல் போர்டில் எழுதிக் கொடுப்பது உதவியல்ல. பெரியவரின் வசனத்தை நடுவர்கள் இரண்டு கேள்வியில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மேல்வகுப்பு மாணவருக்குப் பாடசாலைக்கு அப்பாலும் மேடை உண்டு. இலங்கைப் பொறியியலாளர் நிறுவனத்தின் பங்களிப்புடன் நடக்கும் இலங்கை விஞ்ஞான, பொறியியல் கண்காட்சியில் தெரிவாகும் மாணவர்கள் அமெரிக்காவில் நடைபெறும் சர்வதேசக் கண்காட்சிக்குச் செல்கிறார்கள். 1950இல் பிலடெல்பியாவில் தொடங்கிய அது 9 முதல் 12 வரையான வகுப்பினருக்கு உரியது. ஒரு குழுவில் மூவர் வரை சேரலாம். அதன் விதிகள் கண்டிப்பானவை. மனிதரையோ முதுகெலும்புள்ள விலங்குகளையோ வைத்துச் செய்யும் ஆய்வுக்குத் தொடங்குமுன்பே அனுமதி பெற வேண்டும். நுண்ணுயிர்களை வீட்டில் வளர்க்கவே கூடாது; வெள்ளவத்தைக் கால்வாய் நீரில் பக்டீரியா தேட விரும்பும் பிள்ளைக்குத் தகுந்த ஆய்வுகூடமும் தேர்ந்த மேற்பார்வையாளரும் வேண்டும்.