மெயில் சர்வரை மாற்றுகிறீர்களா? முதலில் ஒரு நகல் எடுங்கள்

அவுட்லுக் 2016, 2019 இரண்டுக்கும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு முடிந்தது. சித்தூர், திருப்பதி வாசகர்களின் கடிதங்களில் ஒரே கேள்விதான்: "பழைய மெயில் எல்லாம் போய்விடுமா?" அந்தத் தேதியால் எதுவும் போகாது. அவுட்லுக் வழக்கம்போல் திறக்கும்; பாதுகாப்புத் திருத்தங்கள்தான் வராது. ஆனால், மாற்றுவதுதான் மாற்றுகிறோம் என்று சர்வரையும் சேர்த்து மாற்றுகிறார்களே, ஆபத்து அங்கேதான். சித்தூர் மாங்கூழ் ஆலைகளைப் போல வெளிநாட்டு ஆர்டர், ஆய்வக அறிக்கை எல்லாவற்றையும் மெயிலிலேயே வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

"எல்லாம் சின்க் ஆகிவிடும், கவலை வேண்டாம்" என்பார்கள் மெயில் சேவை விற்பவர்கள். சர்வரில் இருப்பதைக் கணினிக்குக் கொண்டுவருவது பாதி வேலை. சர்வரில் இல்லாததைக் கணினியிலிருந்தும் நீக்குவது மறுபாதி. அதை அவர்கள் சொல்வதில்லை.

மெயிலைச் சர்வரிலேயே வைத்து, கணினியில் அதன் நகலைக் காட்டும் ஐமேப் முறையில், ஃபோல்டருக்குள் வரும் ஒவ்வொரு மெயிலுக்கும் சர்வர் ஓர் எண் தருகிறது. எண் ஏறிக்கொண்டே போகும். அழித்த மெயிலின் எண் வேறொன்றுக்குப் போகாது. கணினி கடைசியாகப் பார்த்தது 4210 என்றால், 4211 முதல் கேட்டால் போதும். பிறகு பழைய எண்களின் பட்டியலை வாங்கிப் பார்க்கும். அதில் 3987 இல்லையென்றால் தன்னிடமுள்ள 3987-ஐயும் நீக்கிவிடும். யார் அழித்தது, ஏன் என்று கேட்காது. ஆயிரக்கணக்கான மெயிலைத் திறந்து ஒப்பிட வேண்டியதில்லை, கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான்.

ஃபோல்டருக்கும் தனியாக ஓர் அடையாள எண் உண்டு. அது மாறினால் பழைய எண்கள் எதுவும் செல்லாது. புரோகிராம் தன் நகலை மொத்தமாகக் கழித்துவிட்டு முதலிலிருந்து இறக்கத் தொடங்கும். சர்வரில் மெயில் இருந்தால் நேரம்தான் வீண். இப்போது, சர்வரின் பெயர் அதேதான், பின்னால் நிற்பது மட்டும் புதிய, காலியான சர்வர் என்று வையுங்கள். கணினிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. காலி ஃபோல்டரைப் பார்த்து, பல ஆண்டு மெயிலையும் தன்னிடமிருந்து நீக்கிவிடும். இது கோளாறு இல்லை, விதிப்படி நடப்பது. அதுதான் என்னை உறுத்துகிறது.

எனவே பழைய சர்வர் ஓடும்போதே, அவுட்லுக்கில் பிஎஸ்டி கோப்பாகவோ தண்டர்பேர்டில் உள்ளூர் ஃபோல்டராகவோ நகல் எடுங்கள். பிறகு இணையத்தைத் துண்டித்துவிட்டு, பழைய மெயில் சிலவற்றை, அவற்றோடு வந்த கோப்புகளையும் சேர்த்துத் திறந்து பாருங்கள். தலைப்பு மட்டும் இறங்கியிருந்தால் அப்போது தெரிந்துவிடும்.

சின்க் பற்றி வழக்கமாக எழும் வேறு சில சந்தேகங்கள்:

அனுப்பிய மெயில் இரண்டு முறை தெரிகிறதா? ஜிமெயில் தானே ஒரு நகல் வைக்கும். உங்கள் மெயில் புரோகிராமும் இன்னொரு நகல் வைப்பதை நிறுத்திவிடுங்கள்.

போனில் போட்ட ஃபோல்டர் கணினியில் இல்லையா? 'சப்ஸ்கிரைப்' பட்டியலில் டிக் செய்யுங்கள்.

மெயிலைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பாப் முறையில் ஃபோல்டர் சின்க் ஆகுமா? ஆகாது, இன்பாக்ஸ் மட்டும்தான்.

போனில் அழித்தால் கணினியிலும் போகுமா? ஐமேப் என்றால் போகும்.