தும்மினால் புடவை நனைகிறதா? கத்திக்கு முன் 3 மாதப் பயிற்சி!

சென்னை:

குழாயடியில் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்கும்போது, பஸ்சைப் பிடிக்க ஓடும்போது, விழுந்து விழுந்து சிரிக்கும்போது... சிறுநீர் கசிந்து விடுகிறது. புடவை நனைகிறது. பெண்களில் பலருக்கு இந்தத் தொல்லை உண்டு. வெளியே சொல்வதில்லை!

"பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டுப் பெரியவர்களே வாயை அடைத்து விடுகிறார்கள். கல்யாணம், கோவில், சினிமா எதற்கும் போகாமல் முடங்கி விடும் பெண்கள் உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஆபரேஷன்தான் என்ற பயம் வேறு.

அந்தப் பயம் வேண்டாம். முதல் வைத்தியம் கத்தி அல்ல, பயிற்சி!

தளர்ந்த தசை

இடுப்புக்கு அடியில் தொட்டில் மாதிரி ஒரு தசை விரிந்திருக்கிறது. சிறுநீர்ப் பையைத் தாங்குவதும் சிறுநீர்க் குழாயை இறுக்கி மூட உதவுவதும் அதன் வேலை. பிரசவத்தில் அது தளர்ந்து விடும். உடல் பருமன், தீராத இருமல், மலச்சிக்கலும் கெடுக்கும். இருமும்போது வயிற்றில் அழுத்தம் கூடும். மூடி தளர்ந்த பாட்டிலை அமுக்கிய கதைதான்!

இந்தத் தசைக்கான பயிற்சியை 1948-ல் எழுதி வெளியிட்டவர், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகர டாக்டர் ஆர்னால்டு கெகல். இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது.

செய்வது எப்படி?

காற்றுப் பிரியாமல் அடக்குவது போலவும் சிறுநீரை நிறுத்துவது போலவும் உள்ளே, மேல் நோக்கி இறுக்க வேண்டும். சில வினாடி கழித்து விட வேண்டும். ஒரு வேளைக்கு 8 தடவை. தினம் 3 வேளை. குறைந்தது 3 மாதம். மூச்சை அடக்கக் கூடாது. தொடையை இறுக்கக் கூடாது. சிறுநீர் போகும்போதே நிறுத்திப் பழகுவதும் தப்பு.

அடுப்படியில் நின்றபடியே செய்யலாம். மாமியாருக்குக் கூடத் தெரியாது!

தும்மல் வருகிறதா? முந்திக்கொண்டு இறுக்கினால் கசிவு குறையும்.

ஆனால் பலர் இறுக்குவதாக நினைத்துக் கீழ்நோக்கி முக்குகிறார்கள். அது கெடுதல். பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது. ஒரு தடவை காட்டிச் சரி பார்த்துக் கொள்வது நல்லது.

எடை குறைந்தால்...

பருமனான 338 பெண்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2009-ல் வெளியானது. 6 மாதத்தில் சராசரி 8 சதவீத எடை குறைத்தவர்களுக்குக் கசிவு 47 சதவீதம் குறைந்தது. பாடம் மட்டும் கேட்டவர்களுக்கு 28 சதவீதம்தான்.

பிறப்புறுப்பினுள் வைத்து எடுக்கும் சிலிக்கோன் வளையமும் உண்டு. அளவு பார்த்து டாக்டர்தான் பொருத்த வேண்டும்.

கசிவுக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைக்காதீர்கள். கெட்டியான சிறுநீர் பையை உறுத்தும். எரிச்சலோ, சிறுநீரில் ரத்தமோ கண்டால் 3 மாதம் காத்திருக்க வேண்டாம். உடனே டாக்டரிடம் போங்கள்.