இன்றைக்கு எந்த நாற்காலி?

“காலையில் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு ஓடுகிறேன். போய்ச் சேர்ந்தால் உட்கார இடம் தேட வேண்டியிருக்கு!” – ஆபீஸ் போகும் இளம் தாய்மார்கள் பலர் இப்போது இப்படி அலுத்துக்கொள்கிறார்கள்.

ஒரு காலத்தில் ஆபீஸ் மேஜை என்பது சின்ன வீடு மாதிரி. மேஜைக் கண்ணாடிக்கு அடியில் குழந்தையின் போட்டோ, டிராயரில் ஊறுகாய் பாட்டில், தலைவலித் தைலம், ஒரு மாற்றுச் செருப்பு. 2020 மார்ச் 25-ம் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. வீடே ஆபீஸ் ஆயிற்று. பிறகு திரும்பிப் போனவர்களில் பலருக்குத் தம் பழைய மேஜை இல்லை. ‘தினமும் எல்லோரும் வருவதில்லையே, ஆளுக்கொரு மேஜை எதற்கு?’ என்று கணக்குப் போட்ட கம்பெனிகள், வந்தவர் காலி இடத்தில் உட்காரட்டும் என்று வைத்துவிட்டன. இதைத்தான் ‘ஹாட் டெஸ்க்’ என்கிறார்கள்.

வாசலில் காய்ச்சல் பார்த்ததும், ஒன்று விட்டு ஒரு நாற்காலியில் குறுக்குக் கோடு போட்டதும் போய்விட்டன. 2023 மே 5-ல் உலக சுகாதார நிறுவனம் கொரோனா அவசர நிலையை முடித்துக்கொண்டது. ஆனால் பொது மேஜை மட்டும் பல இடங்களில் தங்கிவிட்டது. அன்றைய கட்டுப்பாடுகளில் எதை விடலாம், எதை வைத்துக்கொள்ளலாம்?

துடைத்தால் போதுமா?

முதல் வருஷம் பால் பாக்கெட்டைக்கூட சோப்புப் போட்டுக் கழுவினோம், நினைவிருக்கிறதா? கொரோனாக் கிருமி பிளாஸ்டிக் மேல் மூன்று நாள் வரை உயிரோடு இருக்கக்கூடும் என்று 2020-ல் பரிசோதனைக்கூடத்தில் கண்டார்கள். ஆனால் பொருள்களைத் தொடுவதால் அது தொற்றுவது மிக அரிது; காற்று வழியாகப் பரவுவதே அதிகம் என்பது பின்னால் தெளிவாயிற்று.

அதற்காக மேஜையைத் துடைக்க வேண்டாம் என்று அர்த்தமில்லை. நேற்று உட்கார்ந்தவர் தும்மியிருப்பார், வடை தின்ற கையால் தட்டியிருப்பார். சளி, வயிற்றுப்போக்குக் கிருமிகளுக்குக் கைதான் வாகனம். உட்கார்ந்ததும் மேஜை, மவுஸ், கீபோர்டு மூன்றையும் ஒரு முறை துடையுங்கள். கீபோர்டு மேல் மருந்தை நேராகத் தெளிக்காமல், துணியில் நனைத்துத் துடையுங்கள். சாப்பிடும் முன் 20 விநாடி சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஹெட்போனை மட்டும் யாரோடும் பங்கு போடாதீர்கள்.

ஜன்னலைத் திறங்கள்

சாதாரணமாகச் சுவரில் மாட்டும் ஏ.சி. வெளிக்காற்றைக் கொண்டு வருவதில்லை. அறையில் இருக்கும் காற்றையே குளிர வைத்துச் சுற்றவிடுகிறது. அதனால் இடம் தேர்ந்தெடுக்க முடிந்தால் ஜன்னலோர மேஜையைப் பிடியுங்கள். மத்தியானம் கொஞ்ச நேரமாவது ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்கள். “ஏ.சி. வீணாகுதே” என்று யாராவது முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்!

நாற்காலி பொது, முதுகு நம்முடையது

கிருமியைப் பற்றிக் கவலைப்படுகிற பலர் முதுகை மறந்துவிடுகிறார்கள். நேற்று அதே நாற்காலியில் ஆறடி ஆள் உட்கார்ந்திருக்கலாம். அப்படியே உட்கார்ந்தால் உங்கள் கால் அந்தரத்தில் தொங்கும். மாலையில் இடுப்பு விண் விண்ணென்று வலிக்கும். பிரசவமாகிச் சில மாதமே ஆனவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். தினமும் முதல் இரண்டு நிமிஷம் இதற்கு ஒதுக்குங்கள்:

• பாதம் முழுவதும் தரையில் படும்படி நாற்காலியை இறக்குங்கள். இறங்காவிட்டால் காலடியில் ஒரு அட்டைப்பெட்டி வையுங்கள்.

• முழங்கை கீபோர்டு உயரத்தில் இருக்கட்டும்.

• திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரட்டும்; ஒரு கை நீட்டும் தூரம் இருக்கட்டும்.

பால் கொடுக்கும் தாய்க்கு

சொந்த மேஜை போனதில் அதிகம் தவிப்பவள் இவள்தான். பால் கட்டிக்கொண்டு நெஞ்சு வலிக்கும்போது ஒதுங்க ஓர் இடம் வேண்டாமா? கழிவறையில் நின்று பால் எடுக்க வேண்டிய தலையெழுத்து உங்களுக்கு இல்லை. கதவு தாழ்ப்பாளோடு ஒரு சுத்தமான அறையைக் கூச்சப்படாமல் கேளுங்கள். எடுத்த பாலை 25 டிகிரிக்கு மேற்படாத அறையில் 4 மணி நேரம், ஃபிரிட்ஜில் 4 நாள் வரை வைக்கலாம். 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். தாய் நாளைக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்க்கலாம். 2017-ல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தியபோது வந்த உரிமை இது.

காய்ச்சலை மறைக்காதீர்கள்

“லீவு கேட்டால் மேலதிகாரி முகம் சுளிப்பாரே” என்று மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு கிளம்புகிறவர்கள் உண்டு. மாத்திரை காய்ச்சலைத்தான் இறக்கும். நோய் பரவுவதைத் தடுக்காது. பொது மேஜை ஆபீஸில் இன்று ஒருத்தி பக்கத்தில், நாளை இன்னொருத்தி பக்கத்தில் உட்காருகிறோம். அவள் வீட்டில் கைக்குழந்தை இருக்கும். சர்க்கரை வியாதிக்கார மாமனார் இருப்பார். காய்ச்சல் அன்று வீட்டிலேயே இருங்கள். தவிர்க்கவே முடியாத நாளென்றால் மாஸ்க் போட்டுக்கொண்டு தள்ளி உட்காருங்கள். பக்கத்துச் சீட்டுக்காரி இருமிக்கொண்டு வந்தால் முகம் சுளிக்காமல், “நீ வீட்டுக்குப் போம்மா, இந்த வேலையை நான் பார்த்துக்கிறேன்” என்று சொல்லுங்கள். அடுத்த முறை அவள் உங்களுக்குச் சொல்வாள்.