குட்டிபோடும் இலை, ராப்பணி பார்க்கும் செடி: தெரியுமா?

வீவக வீட்டுத் தாழ்வாரத்தில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில், தடித்த இலையோடு ஒரு செடி நிற்கிறதா? ரணகள்ளியாக இருக்கலாம். பெயரில்தான் கள்ளி; கிள்ளினால் பால் வராது, முள்ளும் கிடையாது! இதன் குடும்பம் கிராசுலேசி. பாறை இடுக்கில் பிழைக்கும் செடம், அதிர்ஷ்டம் வரும் என்று வாங்கிவைக்கும் ஜேட் செடி, சீனப் புத்தாண்டுக்குக் கடைகளில் குவியும் கலஞ்சோ எல்லாம் பங்காளிகள். மொத்தம் சுமார் 1,400 இனங்கள்!

இலையே பிள்ளை பெறும், தெரியுமா?
ஊரில் இதற்கு இன்னொரு பெயர், 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்'. ரணகள்ளி இலையின் விளிம்பை உற்றுப் பாருங்கள். அலையலையாக வெட்டு விழுந்திருக்கும். அந்தப் பள்ளங்களில்தான் மொட்டுகள் உறங்குகின்றன. இலையைப் பறித்து ஈர மண்மேல் போட்டால் வெள்ளை வேர் நூல்போல் இறங்கும். மேலே நகக்கண் அளவில் இரண்டு இலை எட்டிப் பார்க்கும். விதை வேண்டாம், தண்டு வேண்டாம்! ஜெர்மானியக் கவிஞர் கதே இதில் மயங்கி, நண்பர்களுக்கெல்லாம் இலைகளை அனுப்பிவைத்தார். செடியின் பூர்வீகமோ மடகாஸ்கர்!

காலையில் புளிப்பு, மதியம் சப்பென்று! ஏன் தெரியுமா?
1792இல் தரங்கம்பாடிக்கு வந்தவர் பெஞ்சமின் ஹெய்ன், மொரேவிய சபை ஊழியர், தாவரப் பித்தர். ரணகள்ளி இலையை மென்று பார்த்தவர் திகைத்துப்போனார். விடியலில் நாக்கு கூசும் புளிப்பு; உச்சி வேளையில் சுவையே இல்லை! 1813இல் கடிதமாக எழுதினார். 1815இல் லண்டன் லின்னேயன் சங்க இதழில் அது அச்சானது.

ரகசியம் இதுதான். பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை இழுக்கும். அப்போது நீரும் ஆவியாகிப் போகும். ரணகள்ளி கெட்டிக்காரி! பகலில் கதவடைப்பு, ராத்திரியில் திறப்பு. இழுத்த வாயுவை மாலிக் அமிலமாகச் சேமித்துவைத்து, வெயில் வந்ததும் எடுத்துச் சமைக்கிறது. விடியலில் அமிலக் கிடங்கு நிரம்பியிருக்கிறது. அதனால்தான் அந்தப் புளிப்பு. தேக்கா சந்தையில் வாங்கும் அன்னாசிக்கும் இதே ராப்பணிதான்!

சிங்கப்பூரில் செடம் ஏன் சுணங்குகிறது, தெரியுமா?
ஐரோப்பாவின் பசுமைக் கூரைகளில் செடம்தான் ராஜா. இங்கே ராத்திரியும் 24, 25 டிகிரி! பகலில் சேர்த்த உணவை வெக்கையான இரவில் சுவாசித்தே செலவழித்துவிடுகிறது. போதாக்குறைக்கு ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை, வேர் அழுகிவிடும். கரையோரப் பூந்தோட்டத்தின் ஃபிளவர் டோமில் இந்தக் குடும்பத்தார் செழிப்பதற்குக் காரணம், குளிரூட்டி ஈரம் குறைத்த காற்று.

புத்தாண்டுக் கலஞ்சோ மறுபடி பூக்காதது ஏன் தெரியுமா?
அதற்கு நீண்ட இருட்டு வேண்டும்! நமக்கோ ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 12 மணி நேரப் பகல். போதாததற்குத் தாழ்வார விளக்கு. ஆறு வாரத்துக்குத் தினமும் 14 மணி நேரம் அட்டைப்பெட்டியால் மூடிவையுங்கள். மொட்டு வைக்கும்!

ஆளை அடையாளம் காண்பது எப்படித் தெரியுமா?
ஒற்றை அடுக்குப் பூவில் இதழை எண்ணுங்கள். நான்கு என்றால் கலஞ்சோ பேரினம். ரணகள்ளியும் அதில் சேர்த்திதான். பை போல உப்பிய புல்லிவட்டத்தோடு அதன் பூ தலைகீழாகத் தொங்கும். ஐந்து இதழும் பத்து மகரந்தத் தாளும் இருந்தால் பெரும்பாலும் செடம். ஐந்துக்கு ஐந்து என்றால் ஜேட் செடியின் கிராசுலா பேரினம்.

மருந்தென்று மெல்லலாமா?
வேண்டவே வேண்டாம்! நாட்டு வைத்தியத்தில் பெயர் பெற்ற செடிதான். ஆனால் இதயத் துடிப்பைப் பாதிக்கும் வேதிப்பொருள்கள் இதில் உண்டு; பூனை, நாய்க்கும் ஆபத்து. ஹெய்ன் மென்று பார்த்ததே நம் எல்லாருக்கும் போதும்!

வளர்ப்பதற்கு ஒரே சூத்திரம், தெரியுமா?
மண்ணில் பாதிக்குப் பாதி பெர்லைட் அல்லது எரிமலைக் கல் பொடி. மழைச் சாரல் படாத, வெளிச்சமான ஓரம். விரலை விட்டுப் பார்த்து, மண் நன்றாகக் காய்ந்தால் மட்டும் தண்ணீர். தொட்டிக்கடியில் தட்டே வேண்டாம்! டெங்கியைத் தடுக்கத் தேசியச் சுற்றுப்புற வாரியம் சொல்வதும் கிட்டத்தட்ட இதேதான்: தட்டில் தேங்கிய நீரைக் கொட்டு, இறுகிய மண்ணைக் கிளறிவிடு. கொசுவுக்குப் பிடித்த ஈரம்தான் ரணகள்ளிக்கும் எமன். தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழிவிட்டு வைத்தால் குடிமைத் தற்காப்புப் படைக்கும் ஆட்சேபம் இருக்காது. பக்கத்து வீட்டு அக்கா ஆசைப்பட்டால் தொட்டியைத் தூக்கிக் கொடுக்க வேண்டாம். ஓர் இலை போதும்!