ஏழரை டன் விலகியது. எட்டு மணி நேரம் எங்கே?

செஞ்சி என்றால் கோட்டை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என மூன்று மலைகளை வளைத்துக் கட்டிய மதில். 1677-இல் சிவாஜியின் கைக்கு வந்த கோட்டை. பிறகு மொகலாயப் படை ஏழாண்டுகளுக்கு மேல் முற்றுகையிட்டுக் கிடந்த கோட்டை. 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலிலும் அதற்கு இடம் கிடைத்தது. மகிழ்ச்சி! ஆனால், அந்த மலைகளுக்கு நடுவே திருவண்ணாமலையை நோக்கி ஒரு சாலை ஓடுகிறதே, அதை யார் பட்டியலில் சேர்ப்பது? அந்தச் சாலையிலே நெல் போகிறது, மல்லாட்டை போகிறது, செங்கல்லும் ஜல்லியும் உரமூட்டையும் போகின்றன. தானாகவா போகின்றன? ஒருவன் ஓட்டுகிறான். அவனைப் பற்றித்தான் இன்று பேசுகிறோம்.

அவன் மாதச் சம்பளத்து டிரைவர் அல்லன். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தை, ஊரார் ‘மார்க்கெட் கமிட்டி’ என்பார்களே, அந்த இடத்தைப் பாருங்கள். அறுவடைக் காலத்திலே மூட்டை மலைபோலக் குவியும். வண்டி இருக்கும், டிரைவர் இருக்கமாட்டான். உடனே ஆள் போகும்: “அண்ணே, இன்னைக்கு ஒரு நடை வந்துட்டுப் போங்க!” நேற்று மூட்டை தூக்கியவன், முந்தாநாள் கொத்து வேலை பார்த்தவன், இன்று ஸ்டியரிங் பிடிப்பான். ஊர் அவனுக்கு வைத்த பெயர் ‘ஆக்டிங் டிரைவர்’. பெயர்தான் ஆக்டிங், பாரம் உண்மை, பள்ளம் உண்மை, விபத்து நேர்ந்தால் வழக்கும் உண்மை!

இவனுக்கு என்ன தகுதி வேண்டும் என்று சட்டம் சொன்னது? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, சரக்கு ஏற்றுவதற்கென்று அமைந்த வண்டி எல்லாம் ‘போக்குவரத்து வாகனம்’. அதை ஓட்ட 20 வயது நிரம்பவேண்டும். இலகு ரக வாகன உரிமம் பெற்று ஓராண்டு கழியவேண்டும். டாக்டர் சான்று வேண்டும். ஓட்டுநர் பள்ளிச் சான்றும் வேண்டும். எட்டாம் வகுப்புப் படிப்பும் வேண்டும் என்று விதி இருந்தது. 2019-இல்தான் அதை எடுத்தார்கள். இத்தனையும் ஆன பிறகுதான் ‘பேட்ஜ்’. தன் நிலத்து நெல்லைத் தன் சொந்தச் சிறு லாரியில் ஏற்றிப் போகிற உழவனுக்கும் இதேதான். ஆண்டு முழுவதும் ஓட்டுகிறவனுக்கும், ஆண்டுக்குப் பத்து நடை ஓட்டுகிறவனுக்கும் ஒரே அளவுகோல்!

தகுதியே வேண்டாம் என்கிறோமா? இல்லை, தோழர்களே! தேசிங்குராஜன் கதை இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். எவராலும் அடக்கமுடியாத குதிரையை ஏறி அடக்கினான் என்பது கதை. அந்தக் காலத்தில் குதிரையே தேர்வு நடத்தியது. ஏறத் தெரியாதவனைக் கீழே தள்ளிவிடும். லாரி அப்படித் தள்ளிவிடாது. ஓட்டத் தெரியாதவனையும் சுமந்துகொண்டு போய், எதிரே வருகிறவனையும் சேர்த்து நசுக்கும். 2022-இல் மட்டும் இந்திய நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டார்கள். ஆகவே தேர்வு வேண்டும், பயிற்சி வேண்டும். நாம் கேட்பது வேறு: விதி உயிரைக் காக்க வந்ததா, காகிதத்தைக் காக்க வந்ததா?

பல ஆண்டுகள் அது காகிதத்தைத்தான் காத்தது. எப்படி என்று கேளுங்கள். 1994-இல் ஒரு திருத்தம் வந்தது. நடுத்தரச் சரக்கு வாகனம், கனரகச் சரக்கு வாகனம் என்று தனித்தனியே இருந்த உரிம வகைகளை எடுத்துவிட்டு, ‘போக்குவரத்து வாகனம்’ என்ற ஒரே சொல்லைப் போட்டார்கள். ‘இலகு ரக வாகனம்’ என்ற வகையும் அப்படியே இருந்தது. மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டியும் அதற்குள் அடங்கும் என்பது சட்டத்தின் விளக்கம். அப்படியானால் குட்டியானை எந்தக் கணக்கு? இலகுவா, போக்குவரத்தா? சட்டம் இரண்டு பக்கமும் தலையாட்டியது.

அந்தத் தலையாட்டலில்தான் இன்சூரன்சு கம்பெனிகள் புகுந்தன. விபத்தில் ஒரு கூலித் தொழிலாளி இறந்துபோவான். அவன் மனைவி நட்டஈடு கேட்டுத் தீர்ப்பாயத்தின் படி ஏறுவாள். கம்பெனி வக்கீல் எழுந்து சொல்வார்: “டிரைவரிடம் லைசென்சு இருக்கிறது, ஆனால் பேட்ஜ் இல்லை. ஆகையால் நாங்கள் பொறுப்பல்ல.” பிரீமியம் வாங்கியபோது பேட்ஜ் நினைவுக்கு வரவில்லை, பிணம் விழுந்த பிறகு வந்துவிட்டது! 2004-இல் உச்சநீதிமன்றம், சுவரண் சிங் வழக்கில், பாதிக்கப்பட்டவருக்குக் கம்பெனி முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளும் வழியைக் காட்டியது. வண்டிக்காரர் யாரிடம் வசூலிக்கப் பார்ப்பார்? ஓட்டியவனிடம்தான்! சுற்றிச் சுற்றி வந்து, சுமை கடைசியில் சுமைதூக்கியின் முதுகிலே விழுந்தது.

2017-இல் மூன்று நீதிபதிகள், முகுந்த் தேவாங்கன் வழக்கில், இலகு ரக உரிமமே போதும் என்றார்கள். கம்பெனிகள் விடவில்லை. வழக்கு ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சட்ட அமர்வுக்குப் போயிற்று. 2024 நவம்பர் 6-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. இலகு ரக வாகன உரிமம் உள்ளவர், மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டியைத் தனி ஒப்புதல் இல்லாமலே ஓட்டலாம் என்று தீர்ப்பளித்தார்கள். இப்படி ஓட்டுகிறவர்களால்தான் விபத்து பெருகுகிறது என்று காட்டப் புள்ளிவிவரம் எதையும் எவரும் கொண்டுவரவில்லை என்பதையும் எடுத்துச் சொன்னார்கள். அத்தனை ஆண்டுகள் ஏழையை மிரட்டிய வாதத்துக்கு ஆதாரமே கிடையாது!

ஏழரை டன் எல்லைக்குள் ஏழரை விலகியது. வரவேற்கிறோம். ஆனால் தீர்ப்பின் எல்லையை நம் தோழர்கள் மறந்துவிடக்கூடாது. ஏழரை டன் என்பது காலி வண்டியின் எடை அல்ல. அனுமதிக்கப்பட்ட பாரத்தோடு சேர்ந்த மொத்த எடை. வண்டியின் பதிவுச் சான்றில் அந்த எண் இருக்கும். சாவியை வாங்குமுன் அதைப் பார்க்கவேண்டும். அபாயச் சரக்கு ஏற்றும் வண்டிக்குத் தனி விதிகள் அப்படியே நிற்கின்றன. பத்துச் சக்கர லாரியில் உட்கார்ந்திருக்கும் கிளீனருக்கு இந்தத் தீர்ப்பு துணைக்கு வராது. நள்ளிரவில் டிரைவர் கண் சொருகும்போது, “தம்பி, கொஞ்ச நேரம் நீ பிடி” என்பார்களே, அந்தத் தம்பிக்கு உரிமமும் இல்லை, பயிற்சியும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. பிடிபட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஓட்டவிட்ட முதலாளிக்கு? அவருக்கும் அதே மூன்று மாதம், அதே 5,000! ஒருவருக்கு அது ஒரு நடை வாடகையின் துண்டு. மற்றவனுக்கு அது வீட்டு அடுப்பு. இதற்குப் பெயர் சமத்துவமாம்!

ஐரோப்பாவில் இதே கேள்விக்கு என்ன விடை கண்டார்கள்? தொழில்முறை லாரி ஓட்டுநர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை 35 மணி நேரம் பயிற்சி பெறவேண்டும் என்று 2003-இல் விதி செய்தார்கள். தன் வேலைக்கு வேண்டிய கருவியையும் பொருளையும் தானே ஏற்றிச் செல்பவன், ஓட்டுவதே அவன் முதன்மைத் தொழில் இல்லையென்றால், அந்தப் பயிற்சிக் கட்டாயத்திலிருந்து விலக்கு. என்றைக்கோ ஓட்டுகிற கொத்தனும் நித்தம் ஓட்டுகிற டிரைவரும் ஒன்றல்ல என்று அங்கே சட்டம் ஒப்புக்கொண்டது. அதோடு விடவில்லை. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு. நாளுக்கு 9 மணி நேரம் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. கணக்கெழுத வண்டிக்குள்ளேயே கருவி. அங்கே காகிதத்தோடு கடிகாரத்தையும் பார்த்தார்கள்.

இங்கே கடிகாரம் எங்கே? 1923-இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே நாள் கொண்டாடியது நாம் அறிந்த வரலாறு. எட்டு மணி நேர வேலை என்பது அந்த மே நாளின் முழக்கம். 1961-இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் அதை எழுதி வைத்தது: நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி, ஐந்து மணி ஓட்டினால் அரைமணி ஓய்வு. ஆனால் ஐந்து தொழிலாளர்களாவது இருக்கிற நிறுவனத்துக்குத்தான் அந்தச் சட்டம். 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 1961 சட்டம் அவற்றுக்குள் கரைந்தது. எட்டு மணி என்ற சொல் அங்கேயும் இருக்கிறது. ஆனால் ஐந்து பேர் என்ற வாசல், பத்துப் பேர் என்று உயர்ந்துவிட்டது! ஒரு லாரி வைத்திருப்பவரிடம் ஒரு நாள் கூலிக்கு ஓட்டுகிற ஆக்டிங் டிரைவர், அந்த வாசலுக்குள் எப்படி நுழைவான்?

பகலெல்லாம் மூட்டை தூக்கியவன் இரவில் ஸ்டியரிங் பிடிக்கிறான். அவன் பையில் உரிமம் இருக்கிறதா என்று கேட்க ஆள் உண்டு. அவன் கண்ணில் தூக்கம் இருக்கிறதா என்று கேட்க ஆள் இல்லை. பேட்ஜ் வைத்திருந்தாலும் தூங்கினால் வண்டி கவிழும். ஆகவே சொல்கிறோம்: தகுதி என்பது காகிதம் மட்டும் அல்ல, கற்ற கையும் ஓய்ந்தெழுந்த உடலும் சேர்ந்ததே தகுதி. கையை நாம் பயிற்றலாம். உடலுக்கு ஓய்வு தரவேண்டியவர்கள் வேலை வாங்குகிறவர்களே.

சர்க்காரிடம் நாம் கேட்பது பெரிய வரம் அல்ல. கனரக வண்டிப் பயிற்சியைச் செஞ்சி போன்ற ஊர்களுக்கே கொண்டுவரட்டும். கிளீனரும் சுமைதூக்கியும் செலவில்லாமல், கூலி இழக்காமல் கற்கட்டும். ஆளை எண்ணாமல், வண்டியை வைத்து எட்டு மணிக் கணக்கு நடக்கட்டும். ஒரு லாரி ஓடினாலும் ஓட்டுகிறவனுக்கு ஓய்வு உண்டு என்று விதி வரட்டும். உரிமம் இல்லாதவனை ஓட்டவைத்த முதலாளிக்கு, ஓட்டியவனைவிடப் பல மடங்கு தண்டனை இருக்கட்டும்.

தோழர்களுக்கும் வேலை இருக்கிறது. அமைப்புசாரா ஓட்டுநர்களுக்குத் தமிழ்நாட்டில் நலவாரியம் உண்டு. உங்கள் ஊரில் ஓட்டுகிற ஒவ்வொருவரையும் பதியச் செய்யுங்கள். ஏழரை டன் தீர்ப்பைக் கமிட்டி வாசலிலே, லாரி நிறுத்தத்திலே, தேநீர்க் கடையிலே எடுத்துச் சொல்லுங்கள். கிளீனர் தம்பியிடம் ஒரு சொல்லைக் கற்றுக்கொடுங்கள். “கொஞ்ச நேரம் நீ பிடி” என்று எவர் சொன்னாலும், அவன் சொல்லவேண்டிய சொல் அது: “மாட்டேன்!”

அவன் தனியாகச் சொன்னால் நாளை வேலை இருக்காது. நாம் எல்லோரும் அவன் பின்னே நின்றால் இருக்கும். நிற்போம்!