கருங்கற் பூமியில் கிணறும் அனுமதியும்

தம் சொந்த நிலத்தில் ஆழ்துளைக் கிணறு இறக்க அரசாங்கத்தின் அனுமதி எதற்கு என்ற வினா சித்தூர், திருப்பதி மாவட்டச் சிற்றூர்களில் எழுவதுண்டு. அவ்வினாவில் நியாயம் இல்லாமல் இல்லை. குறித்த கால்வழியே ஓடாது நிலத்தடியில் தங்கும் நீரைத் தம் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளும் உரிமையை, 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் நிலவுடைமையாளருக்கே அளித்தது. எருது பூட்டிக் கவலையால் இறைத்த காலத்தில் இதனால் பெருந்தீங்கு விளையவில்லை. மின்சாரப் பம்பு வந்தபின் நிலைமை மாறிற்று.

இப்பகுதியின் பெரும்பாகம் கருங்கல்லும் நைஸ் பாறையுமாகும். மேலே சிதைந்த படலத்திலும், கீழே பாறை வெடிப்புகளிலும் மட்டுமே நீர் தங்குகிறது. சிதைந்த பாறையில் நூற்றுக்கு 2 பங்கு நீரே கிணற்றுக்கு வடியும் எனக் கொள்வோம். ஒரு ஹெக்டேரில் நீர்மட்டம் 1 மீட்டர் இறங்கினால் 200 கனமீட்டர் கிடைக்கும். ஆனால் ஒரு ஹெக்டேர் நெல்லுக்கு மொத்தம் 1 மீட்டர் உயரம் நீர் பாய்ச்சினால் 10,000 கனமீட்டர் செலவாகும். மழையையும் வயலிலிருந்து மீண்டும் ஊறுவதையும் நீக்கிப் பார்த்தால், அது 50 ஹெக்டேரில் நீர்மட்டம் 1 மீட்டர் இறங்குவதற்குச் சமம். தம் வேலிக்குள்ளிருந்து எடுப்பதாக எண்ணுபவர் அயலார் நிலத்தடியிலிருந்தும் எடுக்கிறார். ஆசிரியர்கள் இக்கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டலாம்.

குடிநீரைக் காக்க 1996-இல் ஆந்திரப் பிரதேசம் ஒரு சட்டம் இயற்றிற்று. பின்னர் 2002-இல் நீர், நிலம், மரங்கள் சட்டம் வந்தது. மக்கள் வழக்கில் 'வால்டா'. கிணறுகளும் துளையிடும் எந்திரங்களும் பதிவு செய்யப்பட வேண்டும். பொதுக் குடிநீர்க் கிணற்றிலிருந்து 250 மீட்டருக்குள் அனுமதியின்றிப் புதுக் கிணறு கூடாது. குடிநீருக்கான கைப்பம்புக்கு விலக்கு உண்டு. நீர் மிகுதியாக எடுக்கப்பட்ட பகுதிகளை அறிவித்துக் கட்டுப்படுத்தவும் சட்டம் இடந்தருகிறது. 1997-இல் அமைந்த மத்திய நிலத்தடி நீர் ஆணையம், தனி ஒழுங்குமுறையில்லாத மாநிலங்களில் அனுமதி வழங்குகிறது. ஆந்திரத்தில் இப்பணி மாநிலத்தினுடையது.

250 மீட்டர் என்பது நிருவாக வசதிக்கான எல்லை. பாறை வெடிப்பு வட்டமாகப் பரவுவதில்லை. ஒரு திசை நோக்கியே நீளும். ஒரே வெடிப்பில் 400 மீட்டர் அப்பாலுள்ள கிணறு குடிநீர்க் கிணற்றை வற்றச் செய்யலாம். குறுக்கே 100 மீட்டரில் உள்ளது தீங்கின்றி இருக்கவும் கூடும். ஆதலின் சங்கிலி பிடித்து அளப்பதோடு களப்பணியாளரின் ஆய்வு முடிவதில்லை. வெடிப்பின் போக்கையும் அருகிலுள்ள கிணறுகளின் நீர்மட்டத்தையும் குறித்தல் வேண்டும். சுவர்ணமுகி ஆற்றங்கரையில் நிலை வேறு. அங்கே மணலே நீரை ஏற்று வைக்கிறது. ஆகவேதான் மணல் அள்ளுவதும் இச்சட்டத்துக்குள் வந்தது.

இம்முறையில் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். புதுக் கிணற்றுக்குத் தடை வரும்போது, முன்பே கிணறு வைத்திருப்பவர் இறைத்துக்கொண்டேயிருப்பார்; கிணறில்லாத சிறு விவசாயியே காத்திருப்பார். வயற்கிணறுகளில் நீரை அளக்கும் மீட்டர் பொதுவாக இல்லை. அனுமதிச் சீட்டு நீர் கிடைக்கும் என்ற உறுதியுமன்று. துளை வறண்டால் கடன் விவசாயியின் தலையில்தான் விழும். ஆகவே மே மாதத்திலும், வடகிழக்குப் பருவமழையின் நடுவே நவம்பரிலும் ஊர்க்கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்து பள்ளிச் சுவரில் எழுதி வைத்தால், துளை எந்திரத்தை வாடகைக்கு அழைக்குமுன் அவர் அதைப் பார்த்துக்கொள்ள இயலும்.