பாறையில் ஒரு கோப்பு: குடுமியான்மலையும் ரஸ்ட் பார்சரும்

புரோகிராம் எழுதுபவர் யாரையாவது குடுமியான்மலை இசைக் கல்வெட்டின் முன் நிறுத்தினால், இசை தெரியாவிட்டாலும் அதன் ஒழுங்கு அவருக்குப் பிடிபட்டுவிடும். புதுக்கோட்டை மாவட்டத்தில், மேலைக்கோயில் குடைவரையை ஒட்டிய பாறையில், கிரந்த எழுத்தில், 7 பகுதிகளாக ஸ்வரங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. வரிக்கு 16 தொகுதி, தொகுதிக்கு 4 ஸ்வரம், ஆக 64. ஒவ்வொரு ஸ்வரமும் ர, ரி, ரு, ரே என்று உயிர் மாறி வரும். சிலவற்றின் தலையில் ஒரு புள்ளி வேறு. வெட்டுவித்தவன் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் என்று பலரும் சொல்வதுண்டு. கல்வெட்டிலோ அந்தப் பெயர் இல்லை. உருத்திராசாரியாரின் மாணவனான, சிவபக்தனான ஓர் அரசன் என்ற குறிப்பே உள்ளது. எபிகிராஃபியா இண்டிகாவின் 12ஆம் தொகுதியில் பி. ஆர். பண்டார்க்கர் இதைப் பதிப்பித்தார்.

இதைக் கணினியில் ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். தட்டச்சு செய்த வரிகள் கணினிக்கு வெறும் பைட்டுகள்தான். அவற்றை ஸ்வரம், தொகுதி, வரி என்று பிரித்து அறிவது பார்சரின் வேலை. முன்பின் தெரியாத கோப்பை முதலில் தொடுவதும் அதுவே. நினைவகப் பிழைகளுக்கும், அவற்றின் வழியே வரும் தாக்குதல்களுக்கும் பார்சர்கள் அடிக்கடி இடம் கொடுத்ததற்குக் காரணம் அதுதான். 2016இல் ஃபயர்ஃபாக்ஸ் 48 முதன்முதலாக, இத்தகைய பிழைகளைத் தடுக்கும் ரஸ்ட் மொழியின் கோடைச் சேர்த்துக்கொண்டபோது, சேர்ந்தது எம்பி4 கோப்புகளைப் படிக்கும் பார்சர்.

அவசரத்தில் எழுதும் முதல் வடிவம் எப்படி இருக்கும்? கல்வெட்டைத் தமிழ் எழுத்தில் தட்டச்சு செய்வோம். யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். ‘ர’ என்றால் 3. ‘ரி’ என்றால் மெய்க்கு 3, உயிர்க்குறிக்கு 3, மொத்தம் 6. எனவே மூன்று மூன்றாக வெட்டி, ஒவ்வொன்றையும் புது ஸ்ட்ரிங்காக நகலெடுத்து, கிடைத்ததை அங்கேயே ரிஷபம், காந்தாரம் என்று பெயரிட்டு, பிழை வரக்கூடிய இடத்திலெல்லாம், பிழை வந்தால் புரோகிராமையே நிறுத்திவிடும் அன்ராப் போட்டு முடித்துவிடுவோம். ஓடவும் ஓடும்.

சிக்கல் கோடில் இல்லை, தரவின் வடிவத்தில் இருக்கிறது. கல்வெட்டில் காந்தாரம் ‘க’வின் மெல்லொலி, காகலி நிஷாதம் அதே ‘க’வின் வல்லொலி. கிரந்தத்தில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து. தமிழில் இரண்டும் ஒரே க. எவ்வளவு கெட்டிக்காரப் பார்சர் எழுதினாலும், தட்டச்சிலேயே தொலைந்ததை மீட்க முடியாது. உள்ளீட்டையே கிரந்தத்துக்கு மாற்ற வேண்டும். 2014இல் யூனிகோட் 7.0இல் கிரந்தம் சேர்ந்துவிட்டது. ஆனால் அங்கே குறிக்கு 4 பைட். மூன்றில் வெட்டும் நம் புரோகிராம் முதல் எழுத்திலேயே நின்றுவிடும். எழுத்தின் நடுவே வெட்ட ரஸ்ட் சம்மதிக்காது.

இனி ரீஃபேக்டரிங். வெளியே தெரியும் நடத்தை மாறாமல் உள்ளமைப்பைத் திருத்துவது அது. உள்ளீட்டை மாற்றுவதற்கு முன்பே இதை முடிப்பது நல்லது. இரண்டையும் ஒன்றாகச் செய்தால் எது உடைத்தது என்றே தெரியாது. முதலில் ஒரு சோதனை: படித்ததைத் திரும்ப எழுதினால் மூல வரி எழுத்துப் பிசகாமல் வர வேண்டும். அது கையில் இருந்தால் தைரியமாகக் கை வைக்கலாம்.

பிறகு வேலையை இரண்டு அடுக்காகப் பிரிக்கிறோம். கீழடுக்கு எழுத்தை மட்டும் பார்க்கும்: மெய் எது, உயிர் எது, புள்ளி உண்டா. மேலடுக்கு நான்காகவும் பதினாறாகவும் கோக்கும். ஸ்ட்ரிங் நகல்கள் போய், மூல வரியைச் சுட்டும் துண்டுகள் வருகின்றன. மூலம் அழிந்தபின் துண்டு உயிரோடு இல்லாமல் கம்பைலர் பார்த்துக்கொள்ளும். ஸ்வரத்தின் பெயரை ஸ்ட்ரிங்காக வைக்காமல், பட்டியலிட்ட மதிப்புகளை மட்டுமே ஏற்கும் எனமாக அறிவித்தால், ஏழு ஸ்வரமும் அந்தர காந்தாரமும் காகலி நிஷாதமுமாக ஒன்பதைத் தவிர வேறெதுவும் உள்ளே நுழையாது. அன்ராப் இருந்த இடத்தில், பிழையையும் ஒரு விடையாகத் திருப்பித் தரும் ரிசல்ட்: 63 ஸ்வரமே இருக்கும் வரியில் புரோகிராம் கவிழாமல், எந்த வரி, எந்தத் தொகுதி என்று சொல்லும்.

புள்ளியை என்ன செய்வது? அதன் பொருள் பற்றி அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. அந்த வழக்கில் பார்சர் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது என் கட்சி. உண்டு, இல்லை என்று அப்படியே மேலே அனுப்பினால் போதும். தேய்ந்து படிக்க முடியாத எழுத்துக்கும் இதே மரியாதை தேவை. எனத்தில் ‘தெளிவற்றது’ என்று பத்தாவதாக ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். ஒன்பதையும் பெயர் சொல்லித் தனித்தனியாகக் கையாண்ட மேட்ச் கட்டளை ஒவ்வொன்றையும், இதை விட்டுவிட்டாய் என்று கம்பைலர் கோப்பும் வரி எண்ணுமாகக் காட்டும். அந்தப் பட்டியலை முடித்துவிட்டுச் சோதனையை மறுபடி ஓட்டலாம்.